தட்டில் ஆறிய இட்லி: 'வேண்டாம்' சொல்லக் கற்ற ஒரு மாணவனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

காலை எட்டேகால் மணி. தட்டில் மூன்று இட்லி, ஓரத்தில் தேங்காய்ச் சட்னி. தட்டுக்கு முன்னால் 16 வயதுப் பையன் கை கழுவிவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். நல்ல பசி, வயிறு சத்தம் போடுவது எதிரில் இருந்த எனக்கே கேட்டது. நான் கேட்டுக்கொண்டதற்காக அவன் அம்மா வாய் திறக்காமல் அடுப்படி வாசலில் நிற்கிறார். சுவர்க் கடிகாரத்தில் 11 நிமிடம் ஓடிவிட்டது. இட்லியை அவன் தொடவில்லை. தாங்க முடியாமல் அம்மா "சாப்பிடு" என்றார். அந்தச் சொல் முடிவதற்குள் முதல் விள்ளல் வாய்க்குள் போய்விட்டது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அலறலுக்கும் கடிக்கும் ஓட்டத்துக்கும் திட்டம் எழுதியிருக்கிறேன். சமத்தாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் ஒரு திட்டம் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

வீட்டில் எல்லோரும் அவனைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்தக் கட்டுரையிலும் அதுவே அவன் பெயர். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். பெற்றோரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். தம்பியிடமும் படங்களை வைத்துக் கேட்டேன். 'சரி' அட்டையை எடுத்துக் கொடுத்தான். அந்தச் 'சரி'யை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இங்கே எழுதப்போவதில் பாதி.

பின்னணி

திருச்சி மாவட்டத்துச் சிற்றூர். அப்பா பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறார். அம்மா வீட்டில் இருக்கிறார். அப்பாயியும் உடன் இருக்கிறார். தம்பிக்கு நான்கு வயதில் ஆட்டிசம் என்று தெரிந்தது. ஆட்டிசத்தை மதிப்பிட நம் நாட்டில் பயன்படும் ஐஎஸ்ஏஏ அளவுகோலில் 40 கேள்விகள் உண்டு; 107 முதல் 153 வரை மதிப்பெண் வந்தால் நடுத்தரம். தம்பி அந்த எல்லைக்குள் இருக்கிறான். இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசுவான். கேட்ட கேள்வியின் கடைசிச் சொல்லையே பதிலாகத் திருப்பிச் சொல்வது வழக்கம். தமிழ் நன்றாக வாசிப்பான். 12 வயதில் வலிப்பு தொடங்கியது. மாத்திரையின் புண்ணியத்தில் இரண்டு ஆண்டுகளாக வரவில்லை.

அரசுத் தாள்களில் இந்தக் குறைபாட்டுக்குப் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்' என்று பெயர். யார் வைத்த பெயரோ தெரியாது. பள்ளி வேன் போகும் வழியில் ஒட்டியிருக்கும் சுவரொட்டிகள் முழுவதையும் வரிசை மாறாமல் சொல்லக்கூடியவனுக்குப் புற உலகச் சிந்தனை இல்லை என்று சான்றிதழில் எழுதியிருக்கிறது.

எட்டு ஆண்டு முன்னேற்ற அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். 'சொன்ன பேச்சைக் கேட்பான்', 'அமைதியானவன்', 'வகுப்பில் தொந்தரவு இல்லை.' பார்வையாளர்கள் வந்தால் முன்னால் உட்காரவைக்கப்படும் பிள்ளை. அந்த அறிக்கைகளில் இரண்டு என் கையெழுத்தில் இருந்தன.

ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து மதியச் சாப்பாடு வரை ஒரு மூலையில் உட்கார்ந்து, பெரியவர்கள் அவனிடம் பேசியதையெல்லாம் கோடு போட்டு எண்ணினேன். 'உட்கார்', 'எடு', 'வை', 'பார்', 'எழுது' என்ற வகையில் 140 கோடுகள். விடை நமக்குத் தெரியாத, அவன் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இரண்டு. இரண்டும் "தண்ணீர் வேண்டுமா?" என்பதுதான். அந்த இரண்டுக்கும் அவனுக்கு முன்னால் உதவியாளர் பதில் சொல்லிவிட்டார்.

சொல்லைப் பற்றிச் சிறிது

தம்பிக்கு நாங்கள் கொடுக்காமல் விட்டதற்கு என் துறையில் 'சுயநிர்ணயம்' என்று பெயர். நம் காதில் அது அரசியல் மேடைச் சொல்லாகத்தான் விழும். இனங்களும் நாடுகளும் கேட்பது. அதை அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்காகக் கேட்ட முன்னோடிகளில் ஒருவர் சுவீடனின் பெங்ட் நீர்யே. அவர்களுடைய சுயநிர்ணய உரிமை பற்றி 1972இல் எழுதினார். பிறகு அமெரிக்காவில் மைக்கேல் வெமெயர் போன்றவர்கள் அதைக் கற்பிக்கக்கூடிய திறன்களாகப் பிரித்தார்கள்: தேர்வு செய்வது, முடிவெடுப்பது, சிக்கலைத் தீர்ப்பது, இலக்கு வைப்பது, தன்னைத் தானே கண்காணிப்பது, தனக்காகப் பேசுவது, தன்னை அறிவது. வெமெயர் வலியுறுத்தும் ஒரு விஷயம் நம் சிறப்புப் பள்ளிகளில் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. எல்லாவற்றையும் தனியாகச் செய்வதற்குச் சுயநிர்ணயம் என்று பெயர் இல்லை. தன் வாழ்க்கையில் நடப்பதற்குத் தானே காரணமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் பாணியில் சொல்வதானால், சட்டைப் பொத்தானை அம்மாவே போட்டுவிடட்டும். எந்தச் சட்டை என்பது அவனுடையதாக இருக்கட்டும்.

நாம் தலைகீழாகச் செய்கிறோம். பல் துலக்குதல், குளித்தல், பொத்தான் போடுதல், தட்டுக் கழுவுதல் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்து 'சுயசார்பு' என்று டிக் அடிக்கிறோம். தம்பி இவை அத்தனையும் செய்வான், சொன்னால். சொல்லாவிட்டால் குளியலறையில் சோப்பு நுரையோடு நிற்பான்.

இதில் ஒரு பயமும் இருந்தது. 'கழற்று' என்று யார் சொன்னாலும் கழற்றுகிற பையன் அவன். அதை அவன் அம்மாவிடம் சொன்னேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "என்ன செய்யலாம், சொல்லுங்கள் டீச்சர்" என்றார்.

தேர்வு என்று நாங்கள் நினைத்தது

தேர்வு செய்வதில் தொடங்குவது பாடப்புத்தக வழி. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். "டீயா, காபியா?" என்றால் "காபி" என்பான். சொற்களை மாற்றிப் போட்டு "காபியா, டீயா?" என்றேன். "டீ" என்றான். அவன் அம்மாவின் முகம் சுருங்கியது. "தம்பியே காபிதான் கேட்டு வாங்கிக் குடிப்பான்" என்று உறவினர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். இத்தனை வருடமும் அவர் ஊற்றிக் கொடுத்தது, காதில் கடைசியாக விழுந்த சொல்லை.

பேச்சை விட்டுப் பட அட்டைக்கு மாறினோம். இரண்டு அட்டை வைத்தால் வலது பக்கத்து அட்டையை எடுப்பான். இடம் மாற்றினாலும் வலது பக்கம்தான். சரி, படமும் வேண்டாம், பொருளையே வைப்போம் என்று இடது பக்கம் கடலை மிட்டாயும் வலது பக்கம் பச்சைப் பாகற்காய்த் துண்டும் வைத்தேன். பாகற்காயை எடுத்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு மென்று விழுங்கினான். துப்பலாம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. என்னைப் பார்த்து, சரியாகச் செய்துவிட்டேனா என்று கேட்பது போல நின்றான்.

பிறகு செய்தது எளிமையான காரியம். ஆனால் மெதுவாக நடந்தது. பொருட்களை அருகருகே வைப்பதை நிறுத்தினோம். ஒன்று மேசை மேல், ஒன்று ஜன்னல் திட்டில். எழுந்து போய்த்தான் எடுக்க வேண்டும். இடம் ஒவ்வொரு முறையும் மாறும். எதை எடுத்தாலும் அது அவனுக்கு. 'அது இல்லை, இதை எடு' என்று ஒரு தடவை கூடச் சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். அவன் எடுப்பதைப் பார்த்து 'வெரி குட்' சொல்வதற்கும் தடை. ஏனென்றால் அவன் தேடியது மிட்டாயை இல்லை, எங்கள் முகத்தில் சிரிப்பை. மூன்றாவது வாரம், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த பாகற்காயைத் தாண்டிப் போய் ஜன்னல் திட்டில் இருந்த மிட்டாயை எடுத்தான். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் திரும்பிப் பார்க்காததைத்தான் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

வீட்டில் இதே பயிற்சியை நடத்தியபோது அப்பாயி பார்த்துக்கொண்டிருந்தார். "இது பூக்கட்டிப் பார்க்கிற மாதிரி அல்லவா இருக்கிறது" என்றார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வது. சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது என்னை விடவில்லை. அங்கே பிள்ளையின் கையை நாம் நம்புவது அது சாமியின் கை என்பதால். பிள்ளைக்கு அதில் விருப்பம் எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் பயிற்சியும் பல வாரங்கள் அப்படித்தான் இருந்திருக்கிறது. எது வந்தாலும் எடுத்துக்கொள்கிற வெறும் கையைத் தேர்வு என்று எழுதிவைத்திருந்தோம்.

'வேண்டாம்'

எடுக்கத் தெரிந்தவனுக்கு மறுக்கத் தெரியவில்லை. இந்த ஆய்வில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: மறுக்கத் தெரியாதவன் சொல்லும் 'சரி'க்கு அர்த்தம் இல்லை. பாடத்திட்டங்களில் தேர்வு முதலிலும் தனக்காகப் பேசுவது கடைசியிலும் வருகின்றன. தம்பியைப் போன்ற பிள்ளைகளுக்கு 'வேண்டாம்' முதல் பாடமாக இருக்க வேண்டும்.

வாயால் சொல்லவைத்தால் எதிரொலியாகிவிடும் என்பதால் அட்டை. சிவப்புக் கரை, நடுவில் 'வேண்டாம்' என்ற எழுத்து. சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் பேசும். பள்ளி டேப்லெட்டில் அது இருந்தது. இருந்தாலும் சார்ஜ் தீராத, தண்ணீர் பட்டாலும் கெடாத ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும் என்று நினைத்தேன். பாகற்காயை நான் நீட்டுவேன். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் உதவியாளர் ஒரு வார்த்தையும் பேசாமல் அவன் கையைப் பிடித்து அட்டையை எடுக்கவைத்து என்னிடம் கொடுக்கவைப்பார். அட்டை என் கையில் பட்ட நொடியில் பாகற்காய் மறைந்துவிடும். பின்னாலிருந்து வரும் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். ஒன்பதாம் நாள் அவனே எடுத்துக் கொடுத்தான்.

அதன் பிறகு நடந்த தவறு என்னுடையது. பாகற்காய்க்கு 'வேண்டாம்' கற்ற பிள்ளை மறுநாளே கையெழுத்துப் பயிற்சி நோட்டுக்கு அந்த அட்டையை நீட்டினான். அது நான் எதிர்பார்த்திருக்க வேண்டிய விஷயம். வகுப்பில் இருந்தவருக்கு நான் முன்கூட்டியே சொல்லிவைக்கவில்லை. அவர் அட்டையைச் சட்டைப் பையில் திருப்பி வைத்து, "ஐந்து வரிதான், எழுதிவிடு கண்ணா" என்று அன்பாகவே சொன்னார். தம்பி மறுபடி அட்டையை எடுத்தான். மறுபடி அது பைக்குள் போனது. மூன்றாவது முறை அட்டையைத் தேடாமல் தன் மணிக்கட்டைக் கடித்தான். எட்டு ஆண்டுகளில் அவன் தன்னைக் கடித்தது அதுவே முதல் தடவை. பிறகு ஐந்து வரியும் எழுதி முடித்தான். கையெழுத்து நன்றாகவே இருந்தது.

அன்று மாலை பள்ளியிலும் வீட்டிலும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தோம். மூன்று வாரத்துக்கு எதற்கு 'வேண்டாம்' வந்தாலும் ஏற்றுக்கொள்வது. விதிவிலக்கு இரண்டு: வலிப்பு மாத்திரை, சாலை. இந்த இரண்டுக்கும் அட்டை செல்லாது என்பதையும் படம் போட்டு அவனிடம் காட்டினோம். மாத்திரையைத் தவிர்க்க முடியாது. அதைத் தண்ணீரோடு விழுங்குவதா மோரோடு விழுங்குவதா, நின்றுகொண்டா உட்கார்ந்தா என்பது அவன் இஷ்டம்.

அடுத்த பத்து நாளை அந்த வீட்டில் யாரும் மறக்க மாட்டார்கள். நோட்டு வேண்டாம். குளியல் வேண்டாம். உப்புமா வேண்டாம். சித்தப்பா வேண்டாம், இதை வந்த சித்தப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறான். நான்காம் நாள் அம்மா பள்ளிக்கே வந்துவிட்டார். "நல்ல பிள்ளையைக் கெடுத்துவிட்டீர்கள் டீச்சர். இதற்குத்தான் பள்ளிக்கூடமா?" எனக்கு அப்போது பதில் இல்லை. தலைமையாசிரியையும் கிட்டத்தட்ட அதே கேள்வியைக் கொஞ்சம் நாசூக்காகக் கேட்டார். அட்டையைச் செல்லாக்காசாக்கினால் மணிக்கட்டுக்கு வேலை வரும் என்று மட்டும் சொன்னேன்.

பதினோராம் நாளிலிருந்து குறைந்தது. குளியலுக்கு அட்டை நிற்கவில்லையே என்று கவனித்த அம்மா, ஒரு நாள் வெந்நீருக்குப் பதில் பச்சைத் தண்ணீர் வைத்துப் பார்த்தார். அட்டை வரவில்லை. கையெழுத்து நோட்டுக்கு மட்டும் நிற்கவே இல்லை. யோசித்துப் பார்த்தால், வாசிக்கவும் எழுதவும் தெரிந்த 16 வயதுப் பையனை 'அ, ஆ' என்று நான்கு கோட்டு நோட்டில் எழுதவைத்துக்கொண்டிருந்தோம். நோட்டை நிறுத்தினோம். இதற்கு ஆய்வு எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை.

இட்லித் தட்டை இதற்குப் பிறகுதான் எடுத்தோம். வாய்ச்சொல்லால் தூண்டுவது எளிது, அதிலிருந்து விடுவிப்பது கடினம். சொல்பவர் நிறுத்தினால் கேட்பவனும் நின்றுவிடுவான். அதனால் சுவரில் மூன்று படம் ஒட்டி, அம்மாவைச் சாப்பாட்டு நேரத்தில் கொல்லைப் பக்கம் போகச் சொன்னேன். ஆறாம் நாள் தானே சாப்பிட்டான். கணக்கு வைத்துக்கொள்வதும் அவன் பொறுப்பு. தினசரி நாட்காட்டியில் தாள் கிழிப்பது அவனுக்குப் பிடித்த வேலை. கிழித்த தாளின் பின்பக்கத்தில் 'நானே' அல்லது 'உதவியோடு' என்று ரப்பர் முத்திரை குத்தி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பான். மாதக் கடைசியில் இரண்டு குவியலாக அடுக்குவோம். எந்தக் குவியல் உயரம் என்று விரல் வைத்துப் பார்ப்பான். வரைபடத்தாளில் நான் போட்ட கோடுகளை அவன் ஏறிட்டும் பார்த்ததில்லை.

சலூன்

இலக்கு வைப்பதற்கு வெமெயரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கற்பித்தல் முறையைத் தழுவிக்கொண்டேன். மூன்று கட்டங்கள், கட்டத்துக்கு நான்கு என 12 கேள்விகள். நான் எதைக் கற்க விரும்புகிறேன், இப்போது என்ன தெரியும், எது தடையாக இருக்கிறது, எப்போது தொடங்குவேன், என்ன மாறியது என்று மாணவனே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள். பன்னிரண்டையும் தம்பி முன்னால் வைப்பது எனக்கு வீண் பகட்டாகத் தோன்றியது. நான்காகச் சுருக்கினேன்: எது பிடிக்கவில்லை? அதில் எந்தப் பகுதி? என்ன செய்யலாம்? மாறியதா?

அவனுடைய ஒரு வாரத்தை 24 புகைப்படங்களாக எடுத்தோம். மூன்று தாம்பாளம்: பிடிக்கும், பிடிக்காது, பரவாயில்லை. நாங்கள் பஸ் பயணமோ காசு எண்ணுவதோ இலக்காக வரும் என்று எதிர்பார்த்தோம். பள்ளியின் திட்டத்தாளில் அவை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. அவன் மூன்று நாளும், படங்களின் வரிசை மாறிய பிறகும், 'பிடிக்காது' தாம்பாளத்தில் முதலில் போட்டது சலூன் படத்தை.

அவனுக்கு முடி வெட்டுவது பிடிக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்பது வருடமாக அப்பா அவன் தலையை இரு கையாலும் பிடித்துக்கொள்ள, வெட்டி முடிப்பது வழக்கம். அவன் அழ மாட்டான். உடம்பு மட்டும் நடுங்கும். இரண்டாவது கேள்விக்காகச் சலூனை எட்டுப் படமாகப் பிரித்தேன்: நாற்காலி, கண்ணாடி, தண்ணீர் பீய்ச்சும் குப்பி, சீப்பு, கத்தரிக்கோல், மெஷின், கழுத்தில் கட்டும் துணி, பவுடர் பிரஷ். எட்டையும் அவன் முன்னால் பரப்பினேன். 'பிடிக்காது' தாம்பாளத்தில் விழுந்தவை இரண்டே: மெஷின், துணி. கத்தரிக்கோல் 'பரவாயில்லை.' தண்ணீர்க் குப்பி 'பிடிக்கும்.'

அப்பாவிடம் காட்டினேன். இரண்டு படத்தையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பஸ் பாஸ் அளவில் ஓர் அட்டை செய்தோம். வாசகம் அவனுடையது, சொற்களை அவனே எடுத்து அடுக்கினான்: 'மெஷின் வேண்டாம். துணி வேண்டாம். கத்தரி போதும்.' பள்ளியில் நாற்காலி போட்டு, நான் முடிதிருத்துபவராக நடித்து, இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை சலூனில் கூட்டம் இருக்கும் என்று செவ்வாய்க்கிழமை மதியம் போனோம். கடைக்காரர் வழக்கம்போல அப்பாவைப் பார்த்து, "சார், சம்மர் கட் அடித்துவிடலாமா?" என்றார். அப்பா பேசக் கூடாது என்பது ஏற்பாடு. அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். கடைக்காரர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் சுவர் நாட்காட்டியைப் பார்த்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும். தம்பியின் விரல்கள் சட்டைப் பையின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தன. அரை நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அட்டையை எடுத்து, கண்ணாடியில் தெரிந்த கடைக்காரரின் உருவத்துக்கு நீட்டினான். அவர் தோளுக்கு மேலாக எட்டி வாங்கி, வாய்விட்டு வாசித்தார்.

"இவ்வளவுதானா? அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே செய்திருப்பேனே, தம்பி."

அவர் அதைத் தம்பியைப் பார்த்துச் சொன்னார். வெட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. சட்டை முழுவதும் முடி. அப்பா ஒரு முறையும் எழுந்து வரவில்லை.

கூட்டம்

தனிநபர் கல்வித் திட்டக் கூட்டத்தில் மாணவனே இருப்பது, முடிந்தால் அவனே நடத்துவது என்று ஒரு முறை வெளிநாடுகளில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. நாங்கள் முயன்றோம். ஐந்து படம், ஐந்து வாக்கியம். தம்பி மூன்று படம் காட்டினான். நான்காவதற்கு வரும்போது தலைமையாசிரியையின் கைபேசி அடித்தது. அவன் 'போதும்' அட்டையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். மொத்தம் நான்கு நிமிடம்.

அவன் இல்லாமல் தொடரலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன், மறுநாள் மீதியை வைத்துக்கொண்டோம். தேவையற்ற பிடிவாதம் என்று சக ஆசிரியர்கள் நினைத்தது எனக்குத் தெரியும். இருக்கலாம். மறுநாள் கூட்டத்தில் மெழுகுவத்திப் பிரிவுக்குப் போவதா காகிதப் பைப் பிரிவுக்குப் போவதா என்று வந்தபோது இரண்டுக்கும் 'வேண்டாம்' கிடைத்தது. பள்ளியில் இருக்கும் தொழிற்பயிற்சியே இரண்டுதான். அவனைச் செடிகளுக்குத் தண்ணீர் விடும் வேலையில் தற்காலிகமாகப் போட்டிருக்கிறார்கள். தண்ணீர்க் குப்பியை அவன் 'பிடிக்கும்' தாம்பாளத்தில் போட்டது யாருக்காவது நினைவு இருந்ததா என்று கேட்காதீர்கள். எனக்கே பிறகுதான் ஞாபகம் வந்தது.

வேண்டுதல்

இந்தப் பகுதியை எழுதலாமா என்று தயங்கினேன். தம்பிக்கு வலிப்பு நின்றால் சமயபுரத்தில் முடி காணிக்கை கொடுப்பதாக அப்பாயி வேண்டியிருந்தார். இரண்டு வருடம் வலிப்பு வரவில்லை. சித்திரையில் போவது என்று முடிவாயிற்று. அம்மாதான் மொட்டைத் தலைப் படத்தையும் சவரக்கத்திப் படத்தையும் அவனிடம் காட்டியிருக்கிறார், நான் சொல்லிக்கொடுக்காமலே. இரண்டும் 'பிடிக்காது.' கேட்டது தப்பாகப் போயிற்றே என்று என்னிடம் போனில் வருத்தப்பட்டார்.

ஒரு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. நானும் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள்தான். சாமி காரியத்தில் பள்ளிக்கூடத்து அட்டையைக் கொண்டுபோய் நீட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. மாத்திரையும் சாலையும் மட்டுமே விதிவிலக்கு என்று நானே சொல்லியிருந்தேன். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கலாம் என்று கூடச் சொல்ல நினைத்தேன்.

முடிவெடுத்தது அப்பாயி. "நேர்ந்துகொண்டது நான். அவனைக் கேட்டா நேர்ந்தேன்?" என்றாராம். "முடிதானே கணக்கு. யார் தலை என்று ஆத்தா கேட்க மாட்டாள்." அப்பா மொட்டை போட்டுக்கொண்டார். தம்பி பக்கத்தில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றுவதையும் கத்தி இழுப்பதையும் கடைசிவரை பார்த்திருக்கிறான். சந்தனம் பூசிய பிறகு அப்பாவின் தலையை உள்ளங்கையால் இரண்டு தடவை தடவினான் என்று அம்மா சொன்னார்.

மீதி இருப்பது

அவனுக்கு அடுத்த ஆண்டு 18 வயது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பெற்றோர் பாதுகாவலர் நியமனம் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேறு தொனியில் பேசுகிறது. அதன் 14ஆம் பிரிவு சொல்லும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர், மாற்றுத்திறனாளியோடு சேர்ந்து, அவருடைய விருப்பத்துக்கு இணங்க முடிவெடுக்க வேண்டியவர். இரண்டு சட்டமும் இன்று நடப்பில் இருக்கின்றன. பெற்றோர் முதல் வழியைத்தான் கேள்விப்பட்டிருந்தார்கள். இரண்டாவதைப் படங்களாக்கித் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்; வங்கிக் கணக்கையும் கையெழுத்தையும் படமாக்குவது சலூனைப் படமாக்குவது போல இல்லை.

அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. கோடை விடுமுறைக்கு முந்தைய வாரம் வகுப்புக்கு ஒரு மாற்று ஆசிரியர் வந்தார். ஏதோ காரணத்துக்காகத் தம்பியை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு மறந்துவிட்டார். பாடவேளை முழுவதும் 40 நிமிடம் நின்றிருக்கிறான். அட்டை சட்டைப் பையில்தான் இருந்தது. எங்களிடமும் வீட்டாரிடமும் சலூன்காரரிடமும் சொல்லக் கற்றதை, முன்பின் தெரியாத ஆளிடம் அவனால் சொல்ல முடியவில்லை. நான் முதலில் பயந்தது எதற்காகவோ அந்த இடம் அப்படியே காலியாக இருக்கிறது.

இப்போது அட்டையைக் கழுத்து நாடாவில் மாட்டியிருக்கிறோம். வாரத்துக்கு ஒருவர் என்று அவனுக்கு அறிமுகமில்லாதவர்களைப் பள்ளிக்கு வரவழைக்கிறோம். வருபவர் அவனுக்குப் பிடிக்காத சின்னக் காரியம் ஒன்றைச் செய்யச் சொல்வார். அட்டையைக் காட்டினால் உடனே விட்டுவிட வேண்டும், காட்டாவிட்டால் ஒரு நிமிடத்தில் தானே நிறுத்திவிட வேண்டும். முதலில் வந்தவர் தபால்காரர், இரண்டாவது தண்ணீர் கேன் போடுபவர், மூன்றாவது என் தோழியின் கணவர். தண்ணீர் கேன் போடுபவரிடம் மட்டும் காட்டினான்.